பெர்ஜின் ஒருத்தன்தான் ஏமாறுவான்

ஒரு சிரிப்பு வெச்சிருக்கேன் அண்ணே. வயித்தப் பிடிச்சுக்கிட்டு சிரிப்பீங்க. ஆனா இப்ப இல்ல. இந்தக் களியக்காவிளை நெரிசல் கழியணும், பாறசாலை வரணும், நெய்யாற்றின்கரை தாண்டணும். அதுக்கு முன்னால நீங்க எவ்வளவு கெஞ்சினாலும் கிடையாது. ஏன்னா அந்தச் சிரிப்புக்கு வேண்டிய ஆளு இப்ப எங்க ஊர் கிரவுண்ட்ல கோல் போஸ்டுக்கு நடுவுல நிக்கிறான். பிராக்டீஸ் முடிஞ்சு, பைக்குள்ள கிடக்குற போனை அவன் கையில எடுக்கணும். அப்புறம், உங்க போனும் எனக்கு வேணும். ஒரே ஒரு கால்தான்.

பாத்தீங்களா, போன்னு சொன்னதும் கை சட்டைப் பைக்குப் போகுது! ஓட மாட்டேன் அண்ணே. ஓடுற பஸ்ல எங்க ஓட? என் போனை நேத்தே அம்ம வாங்கி வெச்சிருச்சு. "பஸ்ல தொலைச்சிருவே மக்ளே"ன்னு. அதோ, முன்னால லேடீஸ் சீட்டுல, நீலச் சேலை, மடியில பெரிய பை, அதுதான் எங்க அம்ம. ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு திரும்பிப் பாக்கும். அப்ப நான் சிரிச்சாகணும். சிரிக்கலன்னா உடனே எந்திரிச்சு இங்க வந்து, நெத்தியில கை வெச்சுப் பாக்கும். இந்தா, திரும்புது. ஈ... போதுமா அம்மா?

நான் யாருன்னு தெரியணும்னா, குழித்துறை தாண்டி ஸ்டாப்பே இல்லாத இடத்துல பஸ் நின்னுச்சே, ஞாபகம் இருக்கா? டிரைவர் திரும்பிக் கண்டக்டர ஏச, கண்டக்டர் "நான் எப்பய்யா சொன்னேன்"னு டிரைவர ஏச? "ஹோல்டான்... எறங்கு எறங்கு எறங்கு!" அது நான்தான் அண்ணே. மெதுவாச் சிரிங்க, கண்டக்டர் பாக்காரு. இது அந்தச் சிரிப்பு இல்ல. இது சும்மா, காபிக்கு முன்னால தண்ணி குடுக்குற மாதிரி.

எனக்கு எல்லாக் குரலும் வரும். எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர், மீன் ஏலம் போடுற குரூஸ் அண்ணன், கோயில்ல மைக்க ஊதிப் பாக்குற ஃபாதர், எல்லாரும் இந்தத் தொண்டைக்குள்ளதான் குடியிருக்காங்க. வாடகை கிடையாது.

எங்க போறோம்னு கேட்டீங்கள்ல. திருவனந்தபுரம். மெடிக்கல் சர்டிபிகேட் வாங்க. எங்க ஸ்கூல் ஃபுட்பால் டீம் மாவட்டத்துல ஜெயிச்சிருச்சு. அடுத்தது ஸ்டேட். போற பயலுக எல்லாருக்கும் உடம்பு நல்லாயிருக்குன்னு டாக்டர் எழுதித் தரணுமாம். மத்தவனுக நம்ம ஊர்ப் பக்கத்துலயே வாங்கிட்டானுக. எனக்கு மட்டும் ரசலையன் சார் சொல்லிட்டாரு: "ம்க்கும்... மக்ளே, உனக்குப் பெரிய ஆஸ்பத்திரியிலதான் எடுக்கணும் மக்ளே. நீ ஸ்பெஷல் ஆளு." அவருதான் எங்க பி.டி. சார். பேச்ச ஆரம்பிக்கும்போது ஒரு கனைப்பு. முடிக்கும்போது ஒரு மக்ளே. டோக்கன் போடணும்னு காலையிலயே பைக்ல போயிட்டாரு. ஒரு காகிதத்துக்கு மனுஷன் எவ்வளவு மெனக்கெடுறாரு பாருங்க.

அம்ம அதுக்கும் மேல. இன்னைக்குப் போய் நாளைக்கு வாற வேலைக்கு பக்கெட்டு, மக்கு, பிளாஸ்க்கு, ரெண்டு போர்வை. "கேஸ் அடுப்பையும் கட்டி எடுத்துக்கோ அம்மா"ன்னேன். சிரிக்கல. முன்னாடியெல்லாம் என் ஜோக்குக்கு மொதல்ல சிரிக்கிறது அம்மதான். இப்ப அம்மைக்கு ஜோக்கு பிடிபடுறதில்ல. வயசாகுதுல்லா.

என் பையில என்ன இருக்குன்னு நெனைக்கிறீங்க? இருங்க, காட்டுறேன். பூட்ஸ். புதுசு. மோந்து பாருங்க, கடை வாசம் கூடப் போகல. டீம் பயலுக எல்லாம் சேந்து வாங்கிக் குடுத்தது. டாக்டர் "எங்க, கொஞ்சம் ஓடிக் காட்டு"ன்னு சொன்னா செருப்போட ஓட முடியுமா? அதான் எடுத்துட்டு வந்தேன். அம்ம வேண்டாம்னுச்சு. நான் கேக்கல.

சர்டிபிகேட் வந்துட்டா ஸ்டேட்ல என்ன இறக்குறேன்னு சார் சொல்லியிருக்காரு. கடைசி அஞ்சு நிமிஷமாவது. இந்த வருஷம் ஒரு மேட்ச்லயும் நான் கிரவுண்டுக்குள்ள கால் வெக்கல அண்ணே. வெளிய உக்காந்துதான் டீம ஜெயிக்க வெச்சேன். அந்தக் கோட்ட ஒரு தடவ தாண்டி உள்ள போகணும். வேற ஆசை ஒண்ணும் இல்ல.

உக்காந்துக்கிட்டு எப்படி ஜெயிக்க வெச்சேன்னு கேளுங்க. கேக்க மாட்டேங்கிறீங்களே! சரி, நானே சொல்றேன்.

மாவட்டம் ஜெயிச்சதும் கேபிள் டிவிக்காரர் ஒருத்தர் மைக்க நீட்டினாரு. "ஒரு ஸ்கூல் டீம் ஜெயிக்கணும்னா என்ன வேணும் தம்பி?" எங்க கேப்டன் டைட்டஸ், "கடின உழைப்பு"ன்னான். நியூஸ் வாசிக்கிற மாதிரி. கோல் காக்குற எங்க கோலி பெர்ஜின், "கடவுள் கிருபை"ன்னான். கோல் அடிச்சவன் "எங்க அம்மா"ன்னுட்டு அழுதுட்டான். என்கிட்ட மைக் வரல. வந்திருந்தா சொல்லியிருப்பேன். காது! ரசலையன் சார் சொல்றது அதுதான். "மக்ளே, காலு எல்லா ஊர்ப் பயலுக்கும் இருக்கு மக்ளே. காது இருக்குற டீம்தான் ஜெயிக்கும்."

நாங்க கடற்கரை மணல்ல விளையாடுறவனுக. ஒரு பக்கம் கோயில் ஸ்பீக்கரு, ஒரு பக்கம் அலை, நடுவுல காத்து. அதுக்குள்ள பின்னால வாற ஆள உன் கண்ணு பாக்காது. கூட விளையாடுறவன் கத்தணும். "ஆளு வருது!" "திரும்பு!" "லீவ்!" லீவ்னா, பந்த விட்டுடு, நான் எடுத்துக்கிறேன்னு அர்த்தம். பெரும்பாலும் கோலிதான் கத்துவான். இங்கதான் அண்ணே சூதே இருக்கு. எதிர் டீம் பய பின்னால வந்து உன் கோலி மாதிரியே "லீவ்!"னு கத்துவான். நீ நம்பி விட்டே, முடிஞ்சுது கதை. பந்து வலைக்குள்ள கிடக்கும். ரெஃப்ரி காதுல விழுந்தா ஃபவுல்தான். ஆனா ரெஃப்ரிக்குக் கண்ணு இருக்குற அளவுக்குக் காது கிடையாது.

போன வருஷம் நாங்க தோத்ததே அப்படித்தான். டைட்டஸ் விட்டான். ராத்திரி முழுக்க கடக்கரையில உக்காந்து அழுதான். அப்ப நான் ஓரத்துல ஓடுற விங்ல விளையாடினேன் அண்ணே. நம்புங்க. வேகம்னா வேகம். ஆனா அடிக்கடி நின்னு முட்டியில கை வெச்சு மூச்சு வாங்குவேன். உதடு நாவப்பழம் தின்ன மாதிரி ஆயிரும். பயலுக "லே நாவப்பழம்"னுதான் கூப்பிடுவானுக.

இந்த வருஷம் ஸ்கூல் தொறந்ததும் ஒரு நாள் பிராக்டீஸ்ல விழுந்துட்டேன். காலையில கஞ்சி குடிக்காமப் போனேன், அதான். கண்ண முழிச்சா பெர்ஜின் என் மூஞ்சியில கடல் தண்ணிய ஊத்துறான். உப்பு! "எலே, உப்புக்கண்டம் போடுறியா?"ன்னேன். எல்லாரும் சிரிச்சானுக. சார் மட்டும் சிரிக்கல.

அதுக்கப்புறம் ஸ்கூல்ல மெடிக்கல் கேம்ப். லேடி டாக்டர் என் நெஞ்சுல கருவிய வெச்சாங்க. எடுத்தாங்க, மறுபடி வெச்சாங்க. இன்னொரு டாக்டர கூப்பிட்டு அவரும் வெச்சாரு. நான் சும்மா இருப்பேனா? "மூச்ச இழு... விடு... இழு... விடு"ன்னு அந்த அம்மா குரல்லயே நான் சொன்னேன். வரிசையில நின்ன அத்தனை பேரும் மூச்ச இழுத்து விட்டானுக! டாக்டரம்மா சிரிச்சாங்க. சிரிச்சுட்டு, என் தலையில கை வெச்சாங்க. ரொம்ப நேரம் எடுக்கவே இல்ல. நல்ல ரசிகை.

அன்னைக்குச் சாயங்காலம் சார் எங்க வீட்டுக்கு வந்தாரு. அம்மைக்கிட்ட அடுக்களையில நின்னு பேசினாரு. என்னக் கடைக்கு அனுப்பிட்டாங்க. திரும்பி வந்தா அம்ம வெங்காயம் நறுக்கிக்கிட்டு இருக்கு, கண்ணெல்லாம் செவப்பு. சார் என்னத் தோள்ல கை போட்டுக் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போனாரு. அங்க வெச்சுச் சொன்னாரு:

"ம்க்கும்... மக்ளே. விங்குக்கு எவன வேணும்னாலும் போடலாம். உன் தொண்டை எவன்கிட்டயும் கிடையாது. நீ வெளிய உக்காரு. நம்ம பயலுக விளையாடும்போது எல்லாக் குரல்லயும் கத்து. என் குரல்ல, பெர்ஜின் குரல்ல, டைட்டஸ் குரல்ல, கத்தி ஏமாத்து. உன்கிட்ட ஏமாறாதவன் உலகத்துல எவன்கிட்டயும் ஏமாற மாட்டான். நீதான் நம்ம டீமோட ரகசிய ஆயுதம் மக்ளே."

ரகசிய ஆயுதம்! கேட்டதும் எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுது. அது எனக்கு எப்பவும் கொஞ்சம் அடிக்கும்.

இருங்க அண்ணே. ஒரு நிமிஷம். மூச்சு வாங்கிக்கிறேன். பேசிக்கிட்டே வந்தா இப்படி ஆகும். தண்ணி வேண்டாம், இருக்கு... ம். சரி.

அடுத்த நாள் கிரவுண்டுக்குப் போனா எனக்குன்னு ஒரு சேர் போட்டிருக்கு. பக்கத்துல குடை. பன்னிரண்டாம் நம்பர் சட்டை. ஊரையே மெரட்டலாம்னு தோணிருச்சு எனக்கு. மொத நாளே சார் குரல்ல "எல்லாரும் உக்காரு!"ன்னேன், பதினோரு பேரும் மணல்ல உக்காந்தானுக. பந்து தனியா உருண்டு கடலுக்குள்ள போயிருச்சு. டைட்டஸ் அம்மா குரல்ல "எலே டைட்டஸு, வீட்டுக்கு வாலே"ன்னேன், பெனால்டி அடிக்கப் போனவன் திரும்பி "இந்தா வாறேன் அம்மா"ன்னான். அய்யோ, அந்த மூஞ்சிய நீங்க பாக்கணும்!

அப்புறம் ஒவ்வொருத்தனா தேறினான். வாரம் போகப் போக நான் கத்தினா ஒருத்தனும் திரும்பல. நெஜ பெர்ஜின் கத்தினா விடுவானுக, நான் கத்தினா விட மாட்டானுக. ரெண்டுக்கும் என்னடா வித்தியாசம்னு கேட்டேன். டைட்டஸ் சொன்னான், "நீ கத்துறதுக்கு முன்னால மூச்ச இழுக்குறது கேக்கும் லே." அந்த அளவுக்குக் காது!

ஒருத்தன் மட்டும் தேறவே இல்ல. பெர்ஜின். அவன் கோலியா நிக்கும்போது, டைட்டஸ் குரல்ல "லீவ்!"னு நான் கத்தினா, பிடிக்கப் போன பந்த விட்டுட்டு நிப்பான். அது அவன் கால் நடுவுலயே போகும். கடைசி வாரம் வரைக்கும்! நான் சேர்ல இருந்து விழுந்து விழுந்து சிரிப்பேன். அவன் பேந்தப் பேந்த முழிப்பான். "லே பெர்ஜினு, உன் காதுக்குள்ள மணல் அடைச்சிருக்கு"ம்பேன். ஆனா மேட்ச்ல ஒரு பந்தையும் விட மாட்டான். அது எப்படின்னுதான் எனக்குப் புரியல. மேட்ச்ல காது நல்லா கேக்கும் போல.

மத்தபடி எல்லாரும் நல்ல மரியாதை. ஆயுதம்னா சும்மாவா? பயலுக என் பைய தூக்கிட்டு வருவானுக. "நாவப்பழம்"னு ஒருத்தனும் இப்ப கூப்பிடுறதில்ல. எங்க பிளஸ் ஒன் வகுப்பு ரெண்டாவது மாடியில இருந்துச்சு. மேல ஒழுகுதுன்னு கீழ மாத்திட்டாங்க. ஒழுகலையேன்னு நான் சொன்னேன். சிஸ்டர் "ரிஜோ, யூ கீப் கொயட்"ன்னுட்டாங்க. ஃபைனலுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை பூசையில ஃபாதர் மைக்ல என் பேரச் சொல்லி ஜெபம் பண்ணினாரு அண்ணே! "நம் மகன் ரிஜோவுக்காக." டைட்டஸ் பேரு கிடையாது, பெர்ஜின் பேரு கிடையாது. நான் எந்திரிச்சு நின்னு எல்லாருக்கும் கையாட்டினேன். எங்க அப்பா கூட வாறாரு. கத்தார்ல மீன்பிடி போட்டுல வேலை பாக்காரு. தங்கச்சிக்குக் கோயில்ல ஆதி நன்மை விசேஷம் நடந்தப்பகூட லீவு கிடைக்கல. எனக்கு ஸ்டேட் மேட்ச்னதும் குடுத்துட்டானாம். ஃபுட்பால்னா அரபிக்கு உயிரு!

ஃபைனல சொல்லாம விட்டா பாவம். டவுன் ஸ்கூல் டீம். எல்லாம் ஆறடி. ஒண்ணு பூஜ்யம், நாங்க முன்னால. கடைசி நேரம். உயரமா ஒரு பந்து வருது, டைட்டஸ் அடியில நிக்கிறான். பின்னால இருந்து, "லீவ்!" அச்சு அசல் பெர்ஜின் குரல். எனக்கே மயிர் கூச்செறிஞ்சுது, நாமளா கத்தினோம்னு வாயத் தொட்டுப் பாத்தேன். போன வருஷம் இதே இடம், இதே சத்தம். டைட்டஸ் விடல அண்ணே! தலையால முட்டித் தூக்கி வெளிய போட்டான். போட்டுட்டு, கத்தினவனப் பாக்கல, நேரா என் சேரப் பாத்தான். விசில்!

எல்லாரும் ஓடி வந்தானுக. கோல் அடிச்சவன்கிட்டப் போகல, என்கிட்ட வந்தானுக. என்னத் தோள்ல தூக்கிக் கிரவுண்டச் சுத்தி வந்தானுக. "எறக்குங்கடே, நானும் ஓடுறேன்"னேன். எறக்கவே இல்ல. கோல் அடிச்சவன் பாவம், கீழ நடந்து வந்தான். எல்லாப் பயலும் அழுறான். ஜெயிச்சதுக்கு இப்படியா அழுவானுக? பெர்ஜின்தான் ரொம்ப. என் பாதத்தப் பிடிச்சுக்கிட்டு.

அந்த பெர்ஜின் ஒரு வாரமா என்னப் பாக்குறதில்ல அண்ணே. பாத்தா தலைய குனிஞ்சுக்கிட்டுப் போறான். அவன் கிளவுஸுக்குள்ள நண்ட விட்டேன், அந்தக் கோபம்னு நெனைக்கிறேன். அவனால எதையும் மனசுக்குள்ள வெச்சுக்கவும் முடியாது, மூஞ்சில மறைக்கவும் முடியாது. நேத்து பூட்ஸ் குடுக்க எல்லாரும் வந்தானுக, அவன் வாசல்லயே நின்னுட்டான்.

அவனுக்குத்தான் இப்ப வெடி. நெய்யாற்றின்கரை தாண்டியாச்சு, இல்லையா? குடுங்க போனை. நம்பர் எனக்கு மனப்பாடம். சார் திருவனந்தபுரத்துல இருக்காருன்னு அவனுக்குத் தெரியும். புது நம்பர்ல இருந்து சார் கூப்பிடுறாரு. "ஸ்டேட்டுக்கு நீ கோலி இல்ல மக்ளே, ரிஜோதான் கோலி"ன்னு சொல்லப் போறேன். அவன் அலறுறத நீங்களும் கேக்கணும், ஸ்பீக்கர்ல போடுறேன். சத்தம் கம்மியாத்தான். அம்மைக்குக் கேக்கக் கூடாது. வாயப் பொத்திக்கோங்க. சிரிச்சுட்டீங்கன்னா கெட்டுது. அடிக்குது... எடுத்துட்டான்!

"ம்க்கும்... மக்ளே பெர்ஜின். சார் பேசுறேன். என் போன்ல சார்ஜ் இல்ல மக்ளே."

"சார்! சார், வந்துட்டானா? ரிஜோ வந்து சேந்தானா சார்?"

"வந்துக்கிட்டு இருக்கான். அது இருக்கட்டும், ஸ்டேட்டுக்கு..."

"ஸ்டேட்டு கிடக்கட்டும் சார். செவ்வாக்கிழமைதானே ஆப்பரேஷன்? ரத்தம் குடுக்க நாங்க போறோம்னு கேட்டோம், பதினெட்டு ஆகலன்னு விட மாட்டாங்களாம். டைட்டஸ் அப்பா, எங்க அண்ணன், குரூஸ் அண்ணன், எல்லாரும் கடலுக்குப் போகாம நிக்கிறாங்க. திங்கக்கிழமை வேன்ல வாறாங்க சார். சார், கேக்குதா?"

"...ம்க்கும். கேக்குது மக்ளே."

"அவன்கிட்டச் சொல்லிட்டீங்களா சார்? நெஞ்சுல ஓட்டைன்னு?"

"ம்க்கும்... இன்னும் இல்ல மக்ளே."

"சொல்லிருங்க சார். என்னால முடியல. ரகசிய ஆயுதம்னு அவன் சொல்லும்போதெல்லாம் நான் தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போயிருறேன். அவன் கத்துறதுன்னு தெரிஞ்சுதான் சார் நான் பந்த விட்டேன். எனக்கும் கேக்கும் சார், அவன் மூச்சு. எனக்குத்தான் மொதல்ல கேட்டுது. எல்லாரும் ஏமாறாமப் போயிட்டா அவன் எதுக்குச் சிரிப்பான்? அதான் விட்டேன். சார், பொழைச்சிருவான்ல? டாக்டர் என்ன சொன்னாரு? பாதிக்குப் பாதின்னு எங்க அம்ம சொல்லுது. சார்?"

"அழாத லே... அழாத மக்ளே. பொழைச்சிருவான் மக்ளே. ம்க்கும். நீ போய் பந்தப் பிடி. வெக்கிறேன்."

...

இந்தாங்க அண்ணே. போன்.

அவன் ஒரு தடவகூட ஏமாறல அண்ணே. இப்பத்தான் ஏமாந்திருக்கான். மொத தடவையா.

அந்த பூட்ஸ இப்படிக் குடுங்க, பைக்குள்ள வெக்கிறேன். இல்ல, மடியிலயே இருக்கட்டும்.

அண்ணே, அங்க பாக்காதீங்க. என்னப் பாருங்க. அம்ம திரும்புது. நான் சிரிக்கிறேன், நீங்களும் சிரிங்க. ஒரு சிரிப்பு வெச்சிருக்கேன்னு சொன்னேன்லா. சிரிங்க அண்ணே. இன்னும் கொஞ்சம் சத்தமா.